எனக்குப் பிடிக்கும்: ஒரு ஸ்பானிய வினைச்சொல்லின் கதை

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினேன். எனது மகனின் குடும்பம் மட்ரிட் நகரில் வாழ்கின்றது. அங்கே பிறந்த பேத்திக்கு அவள் மொழியில் ஒரு கடிதமாவது எழுதவேண்டும் என்ற ஆசையே காரணம்.

கையிலிருந்த பாடநூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆகவே 'நான் புத்தகங்களை விரும்புகிறேன்' என்பதை ஆங்கில வழியில் சிந்தித்து, 'யோ குஸ்தோ லோஸ் லிப்ரோஸ்' என எழுதினேன். பிழை. 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்' என்பதே சரியாம். 'மே' என்றால் 'எனக்கு'. வாழ்நாளெல்லாம் 'எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லி வந்தவனுக்கு இது அன்றே உறைத்திருக்க வேண்டாமா? 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அங்கே அப்படித்தான்: 'மே துவேலே லா கபேஸா'. 'எனக்கு வரலாற்றில் ஆர்வம்' என்பது 'மே இந்தெரேஸா லா இஸ்தோரியா'.

ஆனால் 'குஸ்தார்' என்ற அவ்வினை தொடக்கத்திலேயே இவ்வாறு இருந்ததில்லை. 'சுவைத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. சுவைப்பவனே எழுவாய். 1605 இல் 'டொன் கிஹோத்தே'யின் முதற்பாகம் வெளிவந்த காலத்திலும், 'குஸ்தார் தெ' என, மனிதனை எழுவாயாக்கும் வழக்கே பரவலாக இருந்தது. 'எனக்கு உவப்பாகிறது' என்ற அமைப்புக்கு 'பிளாஸெர்' என்ற பழைய வினை இருந்தது. அது மெல்ல வழக்கொழிய, அதன் இடத்தையும் இலக்கணத்தையும் குஸ்தார் எடுத்துக்கொண்டது. பிடித்த பொருள் எழுவாயாயிற்று. மனிதன் நான்காம் வேற்றுமைக்கு ஒதுங்கினான்.

ஆங்கிலம் இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. இன்றைய 'லைக்' பழைய ஆங்கிலத்தில் 'உவப்பளித்தல்' என்றே பொருள்பட்டது. உவப்பளிக்கும் பொருளே எழுவாய். செர்வான்தெஸ் மறைந்த அதே 1616 இல் மறைந்த ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் அவ்வழக்கின் எச்சங்கள் உண்டு. பிற்பாடு 'நான்' முன்னே வந்துவிட்டது. எனது பாடநூலோ இந்த வரலாற்றில் ஒரு வரியும் சொல்லாமல், குஸ்தாரை விசித்திரமான வினையென்று எச்சரித்திருந்தது!

தமிழும் முற்றிலும் ஒத்துப்போகவில்லை. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்கிறோம். யாரைப் பிடித்தாலும் 'பிடிக்கும்' மாறுவதில்லை. ஸ்பானியத்தில் ஒரு புத்தகமெனில் குஸ்தா, பல எனில் குஸ்தான், நீ எனில் 'மே குஸ்தாஸ்'.

கடிதத்தை 'மே குஸ்தாஸ்' என்றே முடித்திருந்தேன். அனுப்புமுன் மகனிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். அது காதலர் சொல்வதாம். பேத்திக்கு 'தே கியேரோ' என்றுதான் எழுதவேண்டுமாம். அந்த வினையில் 'நான்' தான் எழுவாய். திருத்தி எழுதி அனுப்பினேன்.