புலம்பெயர்ந்தோரின் உள்நாட்டு வருமானமும் வரிக் கடப்பாடும்

வெளிநாடுகளில் வாழும் எம்மவர்களில் பெருந்தொகையானோருக்கு இலங்கையில் ஏதோவொரு வருமானம் இருந்துகொண்டே இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பூர்வீக வீட்டின் வாடகை, வெள்ளவத்தைத் தொடர்மாடியின் வாடகை, வங்கியிலுள்ள நிலையான வைப்பின் வட்டி என இது பலவகைப்படும். "நாங்கள் அங்கே வரி கட்டுகிறோம், இங்கே எதற்கு?" என்பதே இவர்களிற் பலரது எண்ணம். சட்டத்தின் நிலைப்பாடு அதுவன்று.

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வரிப் பொறுப்பைக் குடியுரிமையை வைத்தன்றி வதிவை வைத்தே தீர்மானிக்கிறது. இலங்கையில் வதிபவர் தமது உலகளாவிய வருமானத்துக்குப் பொறுப்பாளியாகிறார். வதிவற்றவரோ இலங்கையில் எழும் வருமானத்துக்கு மட்டுமே பொறுப்பாளி. இலங்கையிலுள்ள ஆதனத்தின் வாடகையும், இங்குள்ள வங்கி வழங்கும் வட்டியும் இங்கு எழும் வருமானமே. தம் குடிமக்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் வருமான விபரத்திரட்டுக் கோரும் அமெரிக்காவின் முறை இங்கு இல்லை என்பது ஓர் ஆறுதல்.

வதிவைத் தீர்மானிப்பதில் 183 நாட்கள் என்ற அளவுகோல் முக்கியமானது. இது ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரி ஆண்டுக்குள் மட்டும் எண்ணப்படுவதில்லை. அவ்வாண்டில் தொடங்கும் அல்லது முடிவடையும் எந்தப் பன்னிரண்டு மாத காலமும் கணக்கில் கொள்ளப்படலாம். கனடாவின் குளிருக்கு அஞ்சி நவம்பரில் ஊர் வந்து, கோவில் திருவிழாக்களும் முடியட்டும் என யூன் வரை தங்கிவிடும் ஓய்வுபெற்றோர் தம்மையறியாமலே இவ்வெல்லையைத் தாண்டிவிடக் கூடும்.

வதிவற்றவருக்கும் குடியுரிமை முற்றாகப் பொருட்டில்லை என்று கூறிவிட முடியாது. இதனைப் பலர் கவனிப்பதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டுள்ள தனிநபர் நிவாரணம், இலங்கையில் வதிவோருக்கும், வதியாவிடினும் இலங்கைப் பிரஜையாக இருப்போருக்கும் உரியது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியாமல் இலங்கைக் குடியுரிமையை இழந்தவருக்கு அது கிடையாது. சகோதரர் இருவர் தத்தம் வீடுகளை மாதம் 50,000 ரூபாவுக்குத் தனியார் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகக் கொள்வோம். இருவரது ஆண்டு வருமானமும் 6 இலட்சம் ரூபா. இலங்கைப் பிரஜையான ஒருவருக்கு வரி எதுவுமில்லை. குடியுரிமை இழந்த மற்றவருக்கோ, கழிவுகள் எதனையும் கருதாதவிடத்து, முதல் 10 இலட்சத்துக்குரிய 6 சதவீத வீதப்படி 36,000 ரூபா வரி வரும். 1983 இன் பின்னர் உயிர் தப்பி ஓடியவர்கள் அடைக்கலம் தந்த நாட்டின் குடியுரிமையைப் பெற்றது வரி நன்மை தீமைகளை எடைபோட்டு அல்ல. இவ்வேறுபாட்டை அரசு மீளாய்வு செய்வது நியாயமென்பது எமது கருத்து.

வங்கி வட்டியைப் பொறுத்தவரை கணக்கு எளிது. 2025 ஏப்ரல் முதல் வங்கிகள் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்தே வட்டியை வழங்குகின்றன. வதிவற்றவருக்கான கொடுப்பனவில் இவ்வாறு பிடிக்கப்படுவது பொதுவாக இறுதி வரியாகக் கொள்ளப்படும். தனியார் குடும்பமொன்று செலுத்தும் வீட்டு வாடகையில் இவ்வாறு எவரும் பிடித்துவைப்பதில்லையாதலால், கணக்கிட்டுச் செலுத்தும் பொறுப்பு உரிமையாளரையே சாரும். அற்றோர்ணித் தத்துவம் பெற்ற உறவினர் வாடகையை வாங்கி, அதனை ஊரிலுள்ள தாயாரின் மருந்துச் செலவுக்கே கொடுத்துவிட்டாலும், அது உறுதியில் பெயருள்ளவரின் வருமானமே.

வரி செலுத்த வேண்டியவர் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்று, ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆந் திகதிகளில் தவணைக் கட்டணங்களையும், செப்டெம்பர் 30 இல் மிகுதியையும் செலுத்தி, நவம்பர் 30 க்குள் விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். செலுத்தாத வரிக்கு மாதம் 1.5 சதவீத வட்டி சேரும். செலுத்த வேண்டிய வரி ஏதுமில்லாத வதிவற்றவர், ஆணையாளர் நாயகம் எழுத்தில் கோரினாலன்றி, விபரத்திரட்டு அனுப்ப வேண்டியதில்லை.

காணி அல்லது வீட்டை விற்கும்போது எழும் மூலதன ஆதாய வரி வேறு விடயம். தனிநபருக்கான வீதம் 2025 ஏப்ரலில் 10 இலிருந்து 15 சதவீதமாகியது. இதற்கு எதிராகத் தனிநபர் நிவாரணத்தைக் கழிக்க முடியாது. 2017 செப்டெம்பர் 30 இல் கைவசமிருந்த ஆதனத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடிப்படை விலையாகும். அன்று 1 கோடியே 20 இலட்சம் பெறுமதியான வீடு 2 கோடிக்கு விற்கப்பட்டால், 80 இலட்சம் ரூபா ஆதாயத்துக்கு வரி 12 இலட்சம். சொந்த வசிப்பிடத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால் விற்பனைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உரிமையில் இருந்து, அவற்றுள் இரண்டு ஆண்டுகளேனும் அதில் வசித்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. விற்க எண்ணுவோர் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2017 ஆம் ஆண்டுப் பெறுமதிக்கான அறிக்கையை முற்கூட்டியே பெற்றுக்கொள்வது நன்று.

இனி, வாழும் நாட்டின் பக்கம். பிரித்தானியா (1979), கனடா (1982), அவுஸ்திரேலியா (1989) ஆகியவற்றுடனும் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நோர்வே முதலியவற்றுடனும் இலங்கை இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகளைச் செய்துள்ளது. இவை இருப்பதால் ஓரிடத்தில் மட்டும் அறிவித்தாற் போதும் என்பது தவறான விளக்கம். அசையா ஆதனத்தின் வருமானத்துக்கு வரி விதிக்கும் உரிமை ஆதனம் அமைந்துள்ள நாட்டுக்கு உண்டு. வாழும் நாட்டிலும் அவ்வருமானத்தை அறிவித்து, இங்கு செலுத்திய வரிக்கு அங்கு வரவு கோர வேண்டும். கனடாவில் வெளிநாட்டுச் சொத்துகளின் கொள்விலை ஒரு இலட்சம் டொலரைக் கடந்தால், வரி இல்லாவிடினும் தனிப்படிவம் உண்டு. தவறின் நாளொன்றுக்கு 25 டொலர் வீதம் 2,500 டொலர் வரை தண்டம். வாடகைக்கு விட்ட வீடு இதில் அடங்கும், சொந்தப் பாவனைக்கான வீடு அடங்காது. பிரித்தானியாவில், நாட்டுக்குள் கொண்டுவராத வெளிநாட்டு வருமானத்துக்கு வரி செலுத்தாதிருக்கச் சிலருக்கு வழிசெய்த பழைய ஏற்பாடு 2025 ஏப்ரல் 6 உடன் நீங்கிவிட்டது. ஊர் வங்கியிலேயே விட்டுவைத்த வட்டியும் இனி அங்கு கணக்குக்கு வரும்.

2022 இல் ரூபா வீழ்ந்தபோது, வைப்பிலிட்டோர் பலர் வட்டியாகப் பெற்றதைவிட முதலில் இழந்ததே அதிகம். ஆயினும் அந்த வட்டி வருமானமாகவே கொள்ளப்படும்.

வரி ஆண்டுகளும் ஒன்றல்ல. பிரித்தானியாவின் ஆண்டு எமதுடன் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கனடாவினது ஜனவரியிலும் அவுஸ்திரேலியாவினது யூலையிலும் தொடங்குகின்றன. ஆகையால் வாடகைப் பற்றுச்சீட்டுகள், சோலைவரி ரசீதுகள், வங்கியின் வரிக்கழிவுச் சான்றிதழ்கள் ஆகியவற்றை மாதவாரியாகப் பேணிவைத்தாலன்றி, இங்கு செலுத்திய வரிக்கான வரவை அங்கு கோருவது கடினம்.