நீரிழிவு

நீரிழிவு என்றால் இன்று சர்க்கரை நோய்தான். சொல்லிலோ சர்க்கரை இல்லை. நீர் இழிதல், அதாவது இறங்கி ஒழுகுதல் மட்டுமே. டயாபடிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் 'ஊடே கடந்து செல்வது' என்றே பொருள்படும். அப்படிப் பார்த்தால் இப்பெயர் அதிகம் பொருந்துவது, இன்சுலினோடு தொடர்பே இல்லாத டயாபடிஸ் இன்சிபிடஸுக்கு. இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. சிறுநீரை ருசி பார்த்தே நோயறிந்த காலத்துப் பெயர்! நீரை மீட்டுக்கொள்ளும்படி சிறுநீரகத்துக்கு உணர்த்தும் ஹார்மோன் வாசோபிரசின். பிட்யூட்டரியிலிருந்து அது போதிய அளவு வராவிட்டாலோ, சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும். பழகிய பெயரை மாற்றுவானேன் என்று கேட்கலாம். சர்க்கரை நோயென்று குழம்பி, உயிர்காக்கும் டெஸ்மோபிரசின் மருந்தை மருத்துவமனையிலேயே தராமல் விட்டதால் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் 2022-இல் பன்னாட்டு நிபுணர் குழு 'வாசோபிரசின் குறைபாடு', 'வாசோபிரசின் எதிர்ப்பு' என்ற பொருளில் புதிய பெயர்களைப் பரிந்துரைத்தது. தமிழிலும் நீரிழிவைச் சர்க்கரைக்கே விட்டுவிட்டு, இதை ஹார்மோனின் பெயராலேயே அழைப்பது நல்லது.