பேஸ்மென்ட் ஜன்னலும் 20 அங்குலக் கணக்கும்

இங்க மினசோட்டாவுல நண்பன் ஒருத்தன் வீடு பார்த்துக்கிட்டு இருக்கான். விளம்பரத்துல நாலு பெட்ரூம்னு போட்டிருந்தாங்க. நாலாவது பெட்ரூம் பேஸ்மென்ட்ல. அடுத்த கோடைக்கு ஊர்லேர்ந்து வரப்போற அம்மா அப்பாவுக்கு அதுதான்னு முடிவே பண்ணிட்டான். போய்ப் பார்த்தா, ஜன்னல்னு ஒண்ணு கூரையை ஒட்டி, ஷூ டப்பா சைஸுல இருக்கு. "இதுல அம்மா எப்படிடா வெளிய வருவாங்க?"ன்னேன். "ஜன்னல் வழியா எதுக்கு வரணும், படிதான் இருக்கே"ன்னான். அந்தப் படி நேரா சமையலறையில போய் முடியுது. தீ பிடிச்சா முதல்ல பிடிக்க வாய்ப்புள்ள இடம் அது.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல, பூமிக்கடியில அறை எதுக்கு? குளிர் ஊர்ல மண்ணு உறைஞ்சு விரிஞ்சா அஸ்திவாரத்தையே தூக்கிடும். அதனால உறையும் ஆழத்துக்குக் கீழ போய்த்தான் அஸ்திவாரம் போடணும். மினசோட்டாவின் தெற்குப் பகுதியில 42 அங்குலம், வடக்குல 60 அங்குலம். அவ்வளவு தோண்டியாச்சு, இன்னும் கொஞ்சம் தோண்டினா ஒரு முழு அறை கிடைக்குமே! கரி அடுப்பு, கரிக் குவியல், உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் அங்க போச்சு. கரிக்கும் கிழங்குக்கும் எதுக்குப் பெரிய ஜன்னல்? அப்புறம் கரி போய் எண்ணெயும் கேஸும் வந்தப்ப இடம் காலியாச்சு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அதைச் சுவரும் தரைவிரிப்பும் போட்டு அழகாக்கினாங்க. மனுஷன் குடி வந்துட்டான், ஜன்னல் மட்டும் கரிக்காலத்து ஜன்னலாவே நின்னுடுச்சு.

நகரத்து ஏழைங்க இதுக்கு ரொம்ப முன்னாடியே நிலவறையில வாழ்ந்தாங்க. நியூயார்க் நிலவறைகளை ஜேக்கப் ரீஸ் எடுத்த படங்கள் 1890-ல புத்தகமா வந்து ஊரையே உலுக்குச்சு. 1901-ல வந்த குடியிருப்புச் சட்டம் புதுக் கட்டடங்கள்ல ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேணும்னு சொல்லுச்சு. ஆனா அந்த ஜன்னல் காத்துக்கும் வெளிச்சத்துக்கும். தப்பிக்கிறதுக்குன்னு யாரும் ஜன்னலை அளக்கல.

தப்பிக்கிறதைப் பத்தின பேச்சு சூடு பிடிச்சது ஒரு தொழிற்சாலையில. 1911 மார்ச் 25, நியூயார்க்ல டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. 146 பேர் செத்தாங்க, பெரும்பாலும் இளம்பெண்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது. அதுக்கப்புறம் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் ஒரு குழு போட்டு, 1927-ல வெளியேறும் வழிகளுக்கான விதிகளை வெளியிட்டுது. கூட்டம் கூடுற இடங்கள் மேலதான் எல்லார் கண்ணும். 1942-ல பாஸ்டன் கோகோநட் குரோவ் விடுதியில 492 பேர் செத்ததும் அந்தக் கண்ணை இன்னும் அங்கேயே நிறுத்திடுச்சு. வீடு? அது அவனவன் பாடு. இடையில ஒரு வேடிக்கை: 1959-ல அரசாங்கமே அணுகுண்டுக் கதிர்வீச்சுலேர்ந்து தப்பிக்க பேஸ்மென்ட்டுக்குள்ள பதுங்குகுழி கட்டுவது எப்படின்னு கையேடு போட்டுது. உள்ள போறதுக்கு வழிகாட்டி ரெடி, வெளிய வர்றதுக்கு இல்லை :-)

1973-ல "அமெரிக்கா பர்னிங்"னு ஒரு ஆணைய அறிக்கை வந்துது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12,000 பேர் தீயில சாகறாங்க, அதுலயும் வீட்டுத் தீயைக் கவனிங்கன்னு சொன்ன அறிக்கை. புகை எச்சரிக்கைக் கருவி வீடுகளுக்குப் பரவினது அந்தக் காலகட்டத்துலதான்.

சரி, ஜன்னல் அளவுக்கு வருவோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான். இன்னிக்கு இருக்கற மாதிரி விதிப்படி, திறந்தபின் கிடைக்கிற வழி குறைஞ்சது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம் இருக்கணும். இது உள்ள தூங்கறவங்க உடம்பை வச்சுப் போட்ட கணக்குன்னுதானே நினைப்போம்? இல்லீங்க. சான் டியாகோ நகரத்துக் கட்டடத் துறையும் தீயணைப்புத் துறையும் நிஜ ஜன்னல்கள்ல சோதனை செஞ்சு பார்த்தாங்க. முதுகுல காற்று உருளையோட, முழுக் கவசத்தோட ஒரு தீயணைப்பு வீரர் உள்ள நுழைய எவ்வளவு வேணும், ஏணி சாத்த எவ்வளவு வேணும்னு பார்த்து வந்த அளவு அது. அதாவது புகையில மயங்கிக் கிடக்கறவங்க தானா வெளிய வருவாங்கன்னு சட்டம் நம்பல. யாரோ உள்ள வந்து தூக்கிட்டுப் போகணும்னு வச்சுத்தான் ஓட்டை போடச் சொல்லுது.

இன்னொரு நுணுக்கம். 20-ஐ 24-ஆல பெருக்கினா 480 சதுர அங்குலம், அதாவது 3.33 சதுர அடி. ஆனா விதி கேக்கறது 5.7 சதுர அடி, சுமார் 821 சதுர அங்குலம். ரெண்டு குறைந்தபட்சத்தையும் வச்சுக் கட்டினா ஃபெயில்! அகலம் 20-ன்னா உயரம் 41 வேணும். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலேர்ந்து அதிகபட்சம் 44 அங்குலம். 44-ம் 41-ம் 85. ஏழடிக் கூரைன்னா 84 அங்குலம். ஜன்னல் கூரையில முட்டும்! தரைமட்டத்தை ஒட்டின ஜன்னல்னா 5 சதுர அடி போதும்னு ஒரு சலுகை இருக்கு, ஏணி வேண்டாமே. எது பொருந்தும்கறது அந்த ஊர் எந்தப் பதிப்பை ஏத்துக்கிட்டிருக்குன்னு பொறுத்தது. ஊர் அலுவலகத்துல கேட்டுக்கணும்.

மேல தூக்கற ஜன்னலும் பக்கவாட்டுல நகர்ற ஜன்னலும் பாதிதான் திறக்கும். கடையில ஒட்டியிருக்கற சைஸ் வேற, திறந்தா கிடைக்கிற வழி வேற. பேஸ்மென்ட்டுக்கு நம்ம ஊர் மாதிரி கீல் வச்சுத் திறக்கறதுதான் சரி. ஆனா நம்ம ஊர் மாதிரி கம்பி கூடாது. போட்டா சாவியோ ஸ்பேனரோ இல்லாம உள்ளேர்ந்து கழட்ட வரணும்.

வெளிய மண்ணைத் தோண்டி ஒரு ஜன்னல் குழி. குறைஞ்சது 9 சதுர அடி, 36 அங்குலம் நீட்டல். 44 அங்குலத்தைத் தாண்டின ஆழம்னா நிரந்தர ஏணி. அஸ்திவாரச் சுவரை அறுக்கறது விளையாட்டில்லை, மேல உள்ள பாரத்தைத் தாங்க உத்திரம் வேணும். அனுமதி வாங்கி, தெரிஞ்சவங்களை வச்சுத்தான் செய்யணும்.

குழியில தண்ணி நிக்காம வடிகால் போடறது இதுல பாதி வேலை. 2021 செப்டம்பர் 1 ராத்திரி, ஐடா புயலோட மிச்சம் நியூயார்க்கில் கொட்டுச்சு. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்துல 3.15 அங்குல மழை. நகரத்துல செத்த 13 பேர்ல 11 பேர் பேஸ்மென்ட் வீடுகள்ல இருந்தவங்க. மூணடி அகலக் கதவுக்கு அந்தப் பக்கம் ரெண்டடி தண்ணி நின்னா, கதவு மேல மொத்த விசை சுமார் 170 கிலோ. யாரால தள்ள முடியும்?

நண்பனுக்கு இதையெல்லாம் சொன்னதுல அவன் பிடிச்சுக்கிட்டது அந்த 44 அங்குலத்தை. அம்மா உயரம் அஞ்சடி, முட்டிவலி வேற, புடவை. மார்பளவு உயரம் ஏறணும். 44 அதிகபட்சம்தானே, 24-ல வைக்கலாமான்னு கேட்டான். தாராளமா வைக்கலாம். குழி இன்னும் ஆழமாகும், அதுல ஏணிக்குப் பதில் அகலமான படிக்கட்டாவே கட்டிடலாம், செலவு ஏறும். வீட்டு விலையில அதைக் குறைக்கச் சொல்லி இப்பப் பேசிக்கிட்டு இருக்கான். விக்கறவங்க இன்னும் பதில் சொல்லல.

உங்க வீட்டு பேஸ்மென்ட்ல யாராவது தூங்கறாங்களா? டேப் எடுத்து அளந்து பின்னூட்டத்துல போடுங்க. ஜன்னலைத் திறந்து வச்சு அளக்கணும், சட்டத்தோட சேர்த்து இல்லை.