கப்பலில் கணப்பு

துருவக் கடலில் குளிர்காலத்தைக் கழித்தவர்களின் யாத்திரைக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் எனக்கு வியப்பாயிருந்தது. குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள், ஈரத்துக்குத்தான் அழுகிறார்கள். 1819-ல் பாரி என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி மெல்வில் தீவின் பனியில் இரண்டு கப்பல்களை நிறுத்திக் குளிர்காலம் கழித்தார். அடுப்புக்குக் குறைவில்லை. ஆனால் மனிதர்கள் விட்ட மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த மரச்சுவரில் பட்டு வழிந்து, படுக்கையோரங்களில் பனிக்கட்டியாய் உறைந்தன. அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு வேலையாயிற்று. பின்னர் 1824-ல் புறப்பட்ட யாத்திரைக்குச் சில்வெஸ்டர் என்பவர் வகுத்த வெப்பக்காற்றுக் கணப்பைப் பொருத்திக்கொண்டார். பலன் இருந்தது, அவரே மெச்சியிருக்கிறார்.

நார்வே தேசத்து நான்ஸன் வேறு வழியில் யோசித்தார். அடுப்பைத் தேர்ந்தெடுக்குமுன் சுவரைக் கவனித்தார்! அவருக்காகக் காலின் ஆர்ச்சர் லார்விக் ஊரில் கட்டிய 'பிராம்' 1892-ல் நீரில் இறங்கியது. அறையின் பக்கச் சுவரில் தார் தோய்ந்த கம்பளித் தகடு, தக்கைத் தூள், பலகை, மறுபடி தடித்த கம்பளி, காற்றுப் புகாத லினோலியம், கடைசியில் மீண்டும் பலகை. மேல்தளத்தின் அடியில் துருவமானின் ரோமத்தையும் திணித்தார்கள். கூரைச் சாளரத்துக்குக் கண்ணாடி மூன்று அடுக்கு. கூடத்தை நடுவில் வைத்துப் படுக்கை அறைகளைச் சுற்றிலும் அமைத்தார்கள்.

மின்விசிறி நின்றால் தூக்கம் கெடும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நமக்கு, பெட்டிக்குள் பெட்டி வைத்த விளையாட்டாகத் தோன்றும். ஆனால் கணக்கு எளிது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. புகைபோக்கி இல்லாவிட்டால் அத்தனையும் அறைக்குள்தான். சுவர் குளிர்ந்திருந்தால், அடுப்பை ஏற்ற ஏற்ற ஈரமும் ஏறும். காற்று மாறாவிட்டால் ஆபத்து உயிருக்கே வரும். 1596-ல் நோவாயா ஸெம்லியா தீவில் தங்கிய டச்சு மாலுமிகள், குடிசையின் புகைபோக்கியை அடைத்துவிட்டு நிலக்கரி எரித்தார்கள். தலை சுற்றி விழுந்தார்கள். ஒருவன் எப்படியோ கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள்.

நான்ஸன் இதையும் விட்டுவிடவில்லை. துணியால் காற்றுக்குழாய் கட்டி, வெளிக்காற்றை வேண்டுமென்றே உள்ளே இறக்கினார். வெளியே உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி இருக்கும்போதும் விளக்கு ஒன்றை ஏற்றிவைத்துக் கதகதப்பாக உட்கார்ந்திருப்பதாக எழுதுகிறார். அடுப்பு இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாமா என்றும் யோசித்தார்!

விதியைப் பாருங்கள். 1895 மார்ச்சில் அவரும் யோஹான்ஸனும் துருவத்தை நோக்கிக் கப்பலைவிட்டு நடந்தார்கள். அந்த ஆண்டுக் குளிர்காலத்தை பிரான்ஸ் ஜோஸப் லாந்தில், கல்லடுக்கி வால்ரஸ் தோல் போர்த்திய ஒரு குழியில், கொழுப்பு விளக்கின் முன் கழித்தார்கள். நடுவில் உறைநிலை, சுவரெங்கும் பனி. நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கினார்களாம். அதே சமயம் மற்றப் பதினொருவரும் பிராமில் உலர்ந்த படுக்கையில் படுத்திருந்தார்கள்.