செந்தட்டியா, பார்த்தீனியமா? செடி பட்டு அரிச்சா வீட்டிலேயே என்ன செய்யலாம்?

மழை பெய்தால் மல்லாங்கிணறு பக்கம் கரிசல் காடு, கண்மாய்க் கரை, தரிசு நிலம் எல்லாம் பச்சை கட்டிவிடும். களை எடுக்கவும், நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு அப்போதுதான் அரிப்புத் தொல்லையும் வரும். அமெரிக்காவில் 'பாய்சன் ஐவி' செய்யும் வேலையை இங்கே வேறு செடிகள் செய்கின்றன.

எந்தச் செடி?

பட்ட உடனே சுரீர்னு எரிந்தால் அது செந்தட்டி (காஞ்சொறி). அதன் நுண்ணிய சுணைகள் தோலில் குத்துவதே காரணம். ஓரிரு நாள் கழித்து முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் தடிப்பு வந்தால் பார்த்தீனியமாக இருக்கலாம். 1950-களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு நாடு முழுக்கப் பரவிய களை இது. இதிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள்தான் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. காற்றில் பறக்கும் அதன் துகள் பட்டாலே சிலருக்கு அரிக்கும். பாய்சன் ஐவிக்கு நெருங்கிய சொந்தம் சேராங்கொட்டை. அதன் பால் பட்டால் கொப்புளமே போட்டுவிடும்.

உடனே செய்ய வேண்டியவை

* செந்தட்டி என்றால் தேய்க்காதீங்க. ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் சுணைகள் கூடவே வந்துவிடும். பிறகு கழுவலாம்.
* மற்ற செடி என்றால் உடனே சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். நகம், உடுத்திய துணி, அரிவாள் பிடியையும் கழுவணும்.
* குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 15 நிமிடம் வைத்தால் அரிப்பு அடங்கும். கலாமைன் லோஷன் தடவலாம். தோல் உடையாத இடத்தில் சோற்றுக் கற்றாழைச் சோறும் இதம் தரும்.

செய்யக் கூடாதவை

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சைச் சாறு, பற்பசை வேண்டாம், புண் பெரிதாகும். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு கூடும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. அதன் நீர் பட்டு அலர்ஜி பரவாது; ஆனால் உடைந்த இடத்தில் கிருமி புகும். டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் போடுவதும் ஆபத்து. பிடுங்கிய செடியை எரிக்காதீங்க, புகை மூச்சுக்குள் போகும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

கண், வாய், பிறப்புறுப்பில் தடிப்பு, காய்ச்சல், சீழ், அல்லது ஒரு வாரமாகியும் குறையாத அரிப்பு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்.

அடுத்த முறை களை எடுக்கும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.