80-ஐத் தாண்டினா கார் ஏன் கத்துது? வேக வரம்பின் 160 வருஷக் கதை

1/
வாடகைக் காரில் திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போறீங்க. அச்சிறுபாக்கம் தாண்டும்போது டேஷ்போர்டுல இருந்து "டிங்... டிங்"னு ஒரு சத்தம். டிரைவர் அண்ணன் பாட்டு வால்யூமைக் கொஞ்சம் ஏத்தி வைப்பார். அவ்ளோதான்.

2019 ஜூலை 1-க்கு அப்புறம் தயாரான எல்லாக் கார்லயும் இந்தச் சத்தம் கட்டாயம். 80 கி.மீ. தாண்டினா விட்டு விட்டுக் கத்தும். 120 தாண்டினா நிறுத்தாம கத்தும்.

2/
நிறைய பேர் கேட்கிற கேள்வி: "டாக்டர், இப்ப வர்ற கார்ல ஆறு ஏர்பேக், ஏபிஎஸ், தானா பிரேக் போடுற சிஸ்டம் எல்லாம் இருக்கு. ரோடும் நாலு வழி ஆயிடுச்சு. இன்னும் எதுக்கு சார் 80, 100-னு லிமிட்?"

நியாயமான கேள்விதான். இதே கேள்வியை உலகம் ஏற்கெனவே பல தடவை கேட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் என்ன நடந்ததுன்னு பார்த்துட்டு பதிலுக்கு வருவோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

3/
1865, இங்கிலாந்து. நீராவி எஞ்சின் வண்டிகள் ரோட்டுக்கு வந்த காலம். ஊருக்குள்ள மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான் போகணும்னு சட்டம் போட்டாங்க. வண்டிக்கு முன்னாடி ஒருத்தர் சிவப்புக் கொடி பிடிச்சு நடந்து போகணும்! இன்னிக்குப் படிச்சா சிரிப்பு வரும்.

1896-ல அந்த வரம்பை 14 மைலாக்கினாங்க. 1903-ல 20 மைல்.

4/
அதே 1896 ஆகஸ்ட் 17. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்கிற 44 வயசு அம்மா, மக நடந்து வரும்போது, கண்காட்சிக்கு ஓட்டிக் காட்டின கார் ஒண்ணு மோதி இறந்தாங்க. பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவங்கதான்.

மரண விசாரணை நடத்தின அதிகாரி, இப்படி ஒரு சம்பவம் இனி நடக்கவே கூடாதுன்னு சொன்னாராம். இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவங்க 1,68,491 பேர்.

5/
இப்ப முக்கியமான கட்டம். 1930-ல பிரிட்டன் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துட்டாங்க. காரணம்? "யாரும் மதிக்கிறதில்லை, காரும் நல்லா முன்னேறிடுச்சு, ஓட்டுறவங்க பொறுப்பா ஓட்டுவாங்க."

விளைவு: 1934-ல 7,343 பேர் சாவு. அன்னிக்கு அங்க இருந்த வண்டிகளே மொத்தம் சுமார் 24 லட்சம்தான்!

6/
பதறிப்போய் 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. ஓட்டுநர் தேர்வு, பாதசாரிகள் கடக்கிற இடத்துல ஆரஞ்சு விளக்குக் கம்பம் எல்லாம் அதே சமயத்துல வந்ததுதான். அந்த வருஷமே சாவு சுமார் 6,500 ஆகக் குறைஞ்சது.

வரம்பு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா "வண்டி நல்லா இருக்கு, வரம்பு வேண்டாம்"னு எடுத்த முடிவை அஞ்சே வருஷத்துல அவங்களே திருத்திக்கிட்டாங்க.

7/
அடுத்து அமெரிக்கா. 1973 எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலை மிச்சப்படுத்த 1974-ல நாடு முழுக்க 55 மைல் (சுமார் 88 கி.மீ.) வரம்பு. உயிரைக் காப்பாத்தறது அதோட நோக்கமே இல்லை.

ஆனா 1973-ல 54,000-ஆ இருந்த சாவு, 1974-ல சுமார் 45,000 ஆயிடுச்சு. ஓட்டுறதே குறைஞ்சதும் ஒரு காரணம். வேகம் குறைஞ்சது இன்னொரு பெரிய காரணம்.

8/
ஒரு டாக்டரா இதை எப்படிப் பார்க்கணும்?

வில்லியம் ஹாடன்னு ஒரு அமெரிக்க டாக்டர். 1966-ல அந்த நாட்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவர். அவர் சொன்ன கருத்து எளிமையானது: மலேரியாவுக்குக் கிருமி மாதிரி, விபத்துக் காயத்துக்குக் காரணி "ஆற்றல்". உடம்பு தாங்கற அளவை விட அதிக ஆற்றல் உடம்புக்குள்ள போனா காயம்.

அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்குன்னா அடி நாலு மடங்கு.

9/
ஒரு விபத்துல மூணு மோதல் நடக்குது.

முதல் மோதல்: வண்டி எதுலயோ மோதுது.
ரெண்டாவது: உங்க உடம்பு வண்டிக்குள்ள மோதுது.
மூணாவது: உடம்புக்குள்ள இருக்கிற உறுப்புகள் எலும்புக்கூட்டுல மோதுது.

சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் ரெண்டாவது மோதலைத் தணிக்கும். மூணாவதை ஓரளவுக்குத்தான். மூளை மண்டையோட்டுக்குள்ள குலுங்கி நரம்பிழைகள் அறுந்து போறது, இதயத்துல இருந்து கிளம்புற மகாதமனி கிழியறது... இதெல்லாம் மூணாவது மோதல். மகாதமனி கிழிஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க ஆஸ்பத்திரி வாசலுக்கே வர்றதில்லை.

10/
ஒரு சின்னக் கணக்கு. நோட்டுல போட்டுப் பாருங்க.

ஒரு பையன் திடீர்னு ரோட்டுக்கு ஓடி வர்றான். உங்களுக்கு உறைச்சு காலை பிரேக்ல வைக்க 1.5 வினாடி. காய்ஞ்ச ரோடு, நல்ல டயர்.

80-ல வர்ற கார் சுமார் 69 மீட்டர்ல நின்னுடும்.
100-ல வர்ற கார் அதே 69-வது மீட்டர்ல எந்த வேகத்துல இருக்கும்?

நிறைய பேர் "20" என்பாங்க. சரியான விடை: 70-க்கு மேல.

11/
அதாவது 80-ல வந்தவர் பையனுக்கு முன்னாடி நின்னு ரெண்டு திட்டு திட்டிட்டுப் போவார். 100-ல வந்தவர் அவனை 70 கி.மீ. வேகத்துல அடிப்பார்.

இதுல மிச்சமாகற நேரம்? திண்டிவனம்–விழுப்புரம் சுமார் 40 கி.மீ. 100-ல 24 நிமிஷம். 80-ல 30 நிமிஷம். ஆறு நிமிஷம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

12/
"அப்ப டெக்னாலஜி எல்லாம் வேஸ்ட்டா டாக்டர்?"

இல்லவே இல்லை. 1959-ல வால்வோ எஞ்சினியர் நில்ஸ் போலின் கொண்டு வந்த மூணு முனை சீட் பெல்ட் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாத்தியிருக்கு. அதோட காப்புரிமையை மத்த கம்பெனிகளும் பயன்படுத்தட்டும்னு வால்வோ திறந்து விட்டது. வண்டி தடம் புரளாம பார்த்துக்கிற ஈஎஸ்சி, பைக்குக்கு ஏபிஎஸ், எல்லாமே நிஜமா உயிர் காக்கிறவை.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. மனுஷன்.

13/
1980-கள்ல ஜெர்மனியின் மியூனிக் நகரத்துல ஒரு டாக்ஸி நிறுவனத்தின் கார்களை வெச்சு ஒரு ஆய்வு. ஒரு பகுதி கார்ல ஏபிஎஸ், மிச்சத்துல இல்லை. ஏபிஎஸ் கார் குறைவா மோதும்னுதானே எதிர்பார்ப்போம்?

விபத்து எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமே இல்லை. ஏபிஎஸ் இருக்குன்னு தெரிஞ்ச டிரைவர்கள் இன்னும் வேகமா, இன்னும் ஒட்டி ஓட்டியிருக்காங்க. கருவி கொடுத்த பாதுகாப்பை வேகமா மாத்திக்கிட்டாங்க.

14/
இப்ப தானா பிரேக் போடுற சிஸ்டத்துக்கு வருவோம். முன்னாடி போற வண்டியில மோதுற விபத்தை இது ஏறக்குறைய பாதியாக் குறைக்குது. அருமையான விஷயம்.

பாதசாரிகள்? அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு 2022-ல வெளியிட்ட ஆய்வுல, பாதசாரி மேல மோதுற விபத்து 27% குறைஞ்சிருந்தது. ஆனா ரெண்டு இடத்துல பலன் தெரியவே இல்லை:

ஒண்ணு, தெருவிளக்கு இல்லாத இருட்டு.
ரெண்டு, 80 கி.மீ. அல்லது அதுக்கு மேல வரம்பு உள்ள ரோடு.

15/
நம்ம ஜிஎஸ்டி ரோட்டை ராத்திரி 10 மணிக்கு ஒரு நிமிஷம் கண்ணுக்கு முன்னாடி கொண்டு வாங்க. இருட்டு. 100 கி.மீ. சென்டர் மீடியன் இடைவெளியில சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஒரு தாத்தா.

அந்த சிஸ்டம் எங்க தடுமாறும்னு ஆய்வு சொல்லுதோ, அதே இடம்.

16/
இப்ப நம்ம நாட்டுக் கதை. முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914. அடுத்தது 1939. இப்ப இருக்கிறது 1988 சட்டம். அதுல 112-வது பிரிவுதான் வேக வரம்பு.

2000-கள்ல நம்ம என்எச் 45 நாலு வழியாச்சு. கார்கள் மாறுச்சு. ஊர்கள் மட்டும் ரோட்டை விட்டு நகரலை. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல். இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப், அந்தப் பக்கம் ஸ்கூல்.

17/
2012-ல கோவை கங்கா ஆஸ்பத்திரி எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்துல ஒரு பொதுநல வழக்கு போட்டார். இத்தனை சாவும் தடுக்கக் கூடியவைதானேன்னு. அதுல இருந்துதான் 2014-ல நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது.

எலும்பை ஒட்ட வைக்கிறதோட நிறுத்தாம, எலும்பு ஏன் உடையுதுன்னு கேட்டு டெல்லி வரைக்கும் போன டாக்டர். நம்ம ஊர்க்காரர்.

18/
2018 ஏப்ரல் 6. மத்திய அரசு வரம்பை உயர்த்துது. எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120. நாலு வழிச்சாலையில் 100. சொன்ன காரணம்: எஞ்சின் தொழில்நுட்பம் முன்னேறியிருக்கு, ரோடு நல்லா இருக்கு.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 5-வது பதிவு. 1930 பிரிட்டன்!

19/
2021-ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மேல்முறையீடு வருது. 2013-ல காஞ்சிபுரம் மாவட்டத்துல விபத்துல சிக்கி, வாழ்நாள் முழுக்க முடங்கிப்போன ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கு. நீதிபதிகள் என். கிருபாகரன், டி.வி. தமிழ்செல்வி அமர்வு இழப்பீட்டை சுமார் 18 லட்சத்துல இருந்து 1.5 கோடியா உயர்த்துனாங்க.

அதோட நிக்கலை. அந்த 2018 அறிவிப்பையே ரத்து பண்ணி, வேகத்தைக் குறைச்சு புதுசா அறிவிப்பு வெளியிடச் சொன்னாங்க. எஞ்சின் முன்னேறினதைக் காரணமா ஏத்துக்க முடியாது, ஓட்டுறவங்க விதியை மதிக்கிறது முன்னேறலையேங்கறது அவங்க வாதத்தின் சாரம். மியூனிக் டாக்ஸி ஆய்வு சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

20/
"ஜெர்மனி ஆட்டோபான்ல பல இடத்துல லிமிட்டே இல்லையே டாக்டர்?"

கமெண்ட்ல வரப் போற கேள்வி. இப்பவே சொல்லிடறேன். ஆட்டோபான்ல பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. குறுக்குச் சந்திப்பு இல்லை. எதிர்த்திசையில பைக் வராது. நம்ம ரோட்டுல முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏத்தின டிராக்டர் பின்விளக்கு இல்லாம போகும். ரெண்டும் ஒரே ரோடு இல்லை.

21/
இங்க யார் சாகறாங்க? 2022 மத்திய அரசுப் புள்ளிவிவரம்: இறந்தவங்கள்ல 44% பேர் இருசக்கர வாகனத்துல போனவங்க. 19% பேர் பாதசாரிகள். மூணுல ரெண்டு பேருக்கு ஏர்பேக்கும் கிடையாது, சீட் பெல்ட்டும் கிடையாது. தமிழ்நாட்டுல மட்டும் அந்த வருஷம் 17,884 சாவு. ஒரு நாளைக்கு 49.

காருக்குள்ள இருக்கிற டெக்னாலஜி பெரும்பாலும் காருக்குள்ள இருக்கிறவரைக் காப்பாத்தும். வெளியில நிக்கிறவருக்கு முதல் பாதுகாப்பு அந்தக் கார் வர்ற வேகம்தான்.

22/
நேர்மையா ஒண்ணு சொல்லணும். அதே அறிக்கையில "70 சதவீதத்துக்கு மேல சாவுக்கு அதிவேகமே காரணம்"னு இருக்கும். அதை அப்படியே நம்பிட வேண்டாம். நம்ம எஃப்ஐஆர்ல "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்பது வாடிக்கை வரி. வளைவு சரியில்லை, விளக்கு இல்லை, சர்வீஸ் ரோடு இல்லை என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள்ள மறைஞ்சு போகும்.

அதனாலதான் அந்தப் புள்ளிவிவரத்தை வெச்சு நான் வாதாடலை. 10-வது பதிவுக் கணக்கு போதும்.

23/
போர்டு வெச்சா மட்டும் வேகம் குறையாது என்பதும் உண்மை. அதனாலதான் வேகத்தையே குறைக்கிற கருவிகள் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 ஜூலையில இருந்து விற்கிற எல்லாப் புதுக் கார்லயும், அந்த ரோட்டின் வரம்பைப் படிச்சு எச்சரிக்கிற அல்லது வேகத்தைக் குறைக்கிற சிஸ்டம் கட்டாயம். டிரைவர் நினைச்சா மீறலாம். ஆனா மீறுறோம்னு தெரிஞ்சு மீறணும்.

நம்ம ஊர்ல 2015-லயே லாரி, பஸ் மாதிரி வண்டிகளுக்கு 80 கி.மீ. ஸ்பீட் கவர்னர் விதி வந்தாச்சு. எஃப்சி அன்னிக்கு மட்டும் வேலை செய்யற கவர்னரால யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

24/
சிகிச்சைப் பக்கம் நாம முன்னேறியிருக்கோம். 2008-ல 108 ஆம்புலன்ஸ். 2021 டிசம்பர் 18 அன்னிக்கு இதே ஜிஎஸ்டி ரோட்டுல, மேல்மருவத்தூர்ல தொடங்கின "நம்மைக் காக்கும் 48". முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசு பார்த்துக்கும்.

இதுல எனக்குப் பெருமை உண்டு. ஆனா இந்தத் திட்டம் எல்லாமே உயிரோட ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்குத்தான். உயிரோட வருவாங்களா என்பதை ரோட்டுல இருந்த வேகம் ஏற்கெனவே முடிவு பண்ணிடுது.

25/
ஆக, கேள்விக்குப் பதில். வேக வரம்பா, டெக்னாலஜியா? ரெண்டும் வேணும். ஆனா வரிசை முக்கியம். வேகம் குறைஞ்ச இடத்துல டெக்னாலஜி நல்லா வேலை செய்யும். டெக்னாலஜி இருக்கேன்னு வேகத்தைக் கூட்டினா கிடைச்ச பலனும் போயிடும்.

நாம செய்ய வேண்டியது:

🔹 நாலு வழிச்சாலையில அந்த "டிங் டிங்" வந்தா கால் கொஞ்சம் மேல வரட்டும். ஆறு நிமிஷம்தான்.

🔹 மரக்காணம் ரோடு மாதிரி ஊருக்குள்ள போற ரோட்டுல, பிரம்மதேசமோ உங்க ஊரோ, வீடு கண்ணுக்குத் தெரிஞ்சாலே வேகத்தைக் குறைங்க.

🔹 பின் சீட்லயும் பெல்ட். ஹெல்மெட்டுக்கு வார் போடணும். புது பைக் வாங்கினா ஏபிஎஸ் இருக்கிறதைப் பாருங்க, மைலேஜ் அப்புறம்.

🔹 தானா பிரேக் போடும்னு ராத்திரியில நம்பாதீங்க.

🔹 கரும்பு, உப்பு ஏத்திப் போற வண்டிக்குப் பின்னாடி ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்க. சில நூறு ரூபாய்தான்.

🔹 விபத்தைப் பார்த்தா 108. உதவி பண்றவங்க பேரு, விலாசம் சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டமே (134-ஏ) பாதுகாப்பு தருது.

🔹 உங்க ஊர் கிராஸிங்ல அடிக்கடி விபத்துன்னா அடுத்த கிராம சபையில தீர்மானம் போடுங்க: சுரங்கப்பாதை, விளக்கு, சர்வீஸ் ரோடு. தேசிய நெடுஞ்சாலைப் புகாருக்கு 1033.

ஓட்டுற உறவுக்காரங்க ஒருத்தருக்காவது 10-வது பதிவை மட்டும் அனுப்புங்க.


– ஒரு அரசு மருத்துவர், பிரம்மதேசம்