லெக்டின் நுண்ணணியில் எந்தப் புரதம்?

செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைத் தொடர்களைப் படிக்க லெக்டின் நுண்ணணி வசதியான கருவி. சர்க்கரையைப் பற்றும் புரதங்களான லெக்டின்களைக் கண்ணாடித் தகட்டில் புள்ளிபுள்ளியாகப் பதித்து, ஒளிரும் சாயமேற்றிய மாதிரியை அதன்மேல் ஊற்றி, எந்தப் புள்ளி ஒளிர்கிறது என்று பார்க்கிறோம். 2005 வாக்கில் இம்முறை பரவத் தொடங்கியபோது புள்ளிகளில் இருந்தவை பெரும்பாலும் செடிகளின் விதைகளிலிருந்து பிரித்த புரதங்கள். 2008-இல் லாரா மகாலின் குழு, மறுசேர்க்கை முறையில், அதாவது மரபணுவைப் புகுத்தி, எ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த பாக்டீரிய லெக்டின்களைக் கொண்டே ஒரு நுண்ணணியை அமைத்துக் காட்டியது. மறுசேர்க்கைப் புரதத்துக்கு ஆதரவாகப் பலரும் சொல்வது விலையும் தட்டுப்பாடும்தான். என் பார்வையில் அவை இரண்டாம்பட்சம். தகட்டில் பதித்தது இன்ன மூலக்கூறுதான் என்று சொல்ல முடியாதபோது, அது எதைப் பற்றியது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பீன்ஸ் விதையின் லெக்டினையே எடுத்துக்கொள்வோம். அதில் ஈ, எல் என்று இரு துணையலகுகள் உண்டு. நான்கு நான்காகச் சேரும்போது இவை ஐந்து வகைக் கலவைகளாகின்றன. ஈ விரும்பும் சர்க்கரைக் கிளை வேறு, எல் விரும்புவது வேறு. பிரிப்பு சற்றே பிசகினாலும் ஒரு புள்ளியின் ஒளியில் இரண்டு விடைகள் கலந்துவிடும். அலூரியா அவுரான்சியா என்ற பூஞ்சையின் லெக்டினில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதன் ஒவ்வொரு துணையலகிலும் ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரையைப் பற்றும் ஐந்து இடங்கள் உள்ளன. மறுசேர்க்கை வடிவத்தை ஆராய்ந்தபோது அவற்றில் மிக வலுவாகப் பற்றும் இடமும் இருப்பது தெரியவந்தது. சந்தையில் கிடைத்த தயாரிப்புகளில் அது தென்படாததற்குக் காரணம், ஒட்டிக்கொண்டிருந்த ஃபியூக்கோஸ் அந்த இடத்தை ஓரளவு அடைத்திருந்ததுதான். சர்க்கரையைக் கொண்டு கழுவி இறக்கும் பிரிப்பு முறையில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. ஹிஸ்டிடின் வால் சேர்த்த புரதத்தை நிக்கல் ரெசினில் பிடித்துப் பிரித்தால் சர்க்கரைக்கே வேலையில்லை.

எல்லா லெக்டினையும் பாக்டீரியாவில் செய்துவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. கோதுமை முளை லெக்டினின் ஒரு துணையலகில் மட்டும் பதினாறு டைசல்ஃபைடு பிணைப்புகள், எ.கோலையின் சைட்டோபிளாசத்தில் அவை சரியாக அமைவது அரிது. பீன்ஸ் லெக்டினைப் பிக்கியா ஈஸ்ட்டில் தயாரித்திருக்கிறார்கள். ஆனால் ஈஸ்ட் தன் பங்குக்கு மேனோஸ் என்ற சர்க்கரையைப் புரதத்தில் ஏற்றிவிடக்கூடும். (விதைப் புரதங்கள் பலவற்றிலும் சொந்தச் சர்க்கரை உண்டு, மாதிரியிலுள்ள லெக்டின் அதைப் பற்றினால் பொய்யான ஒளி வரும். எ.கோலைப் புரதத்தில் இந்தத் தொல்லை இல்லை.) ஒற்றைப் பகுதியாக வெட்டிச் செய்த புரதம் வலுவாகப் பற்றாது என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஓர் இடம் ஒரு சர்க்கரையைப் பற்றும் வலிமை பெரும்பாலும் மில்லிமோலார், மைக்ரோமோலார் அளவில்தான். பல இடங்கள் சேர்ந்தால்தான் பிடி இறுகும். ஆனால் புள்ளியில் புரதத்தை நெருக்கமாகப் பதித்தாலே அந்தக் கூட்டுப்பிடி ஓரளவு கிடைத்துவிடும். குளுட்டாதயோனைப் பற்றும் ஜி.எஸ்.டி. என்ற புரதத்தை வாலாகச் சேர்த்து, அந்த வாலைக் குளுட்டாதயோன் பரப்பில் பொருத்தினால் புரதம் தலைகீழாகப் படியாமல் பிணையும் முகத்தை வெளியே காட்டி நிற்கும். விதையிலிருந்து எடுத்து அப்படியே தகட்டில் ஒட்டும் புரதத்துக்கு இந்த வசதி இல்லை.

மறுசேர்க்கைப் புரதம் என்ற பெயர் மட்டும் போதாது. நுண்ணணி முடிவுகளை வெளியிடுவோர் ஒவ்வொரு புள்ளியின் அமினோ அமில வரிசை, வால், தயாரித்த உயிரி, சர்க்கரைகளைப் பதித்த நுண்ணணியில் அது பற்றியவை ஆகிய நான்கையும் சேர்த்தே அச்சிட வேண்டும். இதழாசிரியர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.